காய்ச்சலின்போது இரும்புச்சத்து ஊசியைத் தள்ளிவைப்பது ஏன்?

"இரத்தம் குறைவாக இருக்கிறது என்கிறீர்கள், பிறகு இரும்புச்சத்து ஊசியை ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" கடுமையான தொற்றுடன் அனுமதிக்கப்பட்டவர்களின் உறவினர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். நியாயமான கேள்விதான்.

நோய்க்கிருமியும் ஓர் உயிர். அதற்கும் உணவு வேண்டும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நம் உடலில் அதற்கு ஓரளவு எளிதாகக் கிடைத்துவிடுகின்றன. எளிதில் கிடைக்காதது இரும்பு. ஏறத்தாழ எல்லாப் பாக்டீரியாக்களும் பெருகுவதற்கு அது தேவை. வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. ஆயினும் அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் அடங்கியிருக்கிறது. இரத்தத்தில் செல்லும் சிறிதளவையும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் லாக்டோஃபெரின் அதே காவலைச் செய்கிறது.

இக்காவலை மீறக் கிருமிகளும் வழி வைத்திருக்கின்றன. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலி, சிடெரோஃபோர் எனப்படும் நுண்ணிய மூலக்கூறுகளை வெளியே அனுப்புகிறது. அவை டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பறித்துக் கிருமியிடம் சேர்க்கின்றன. சீழ்க்கட்டிகளுக்குக் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் முரட்டுத்தனமானது: சிவப்பணுக்களை உடைத்து, ஹீமோகுளோபினில் உள்ள இரும்பையே எடுத்துக்கொள்கிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. தொற்று தொடங்கியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் குடல் இரும்பை உறிஞ்சுவது குறைகிறது. சேமிப்பில் உள்ள இரும்பும் செல்களுக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகிறது. காய்ச்சலின்போது எடுக்கும் பரிசோதனையில் இரத்த இரும்பு குறைந்தும் ஃபெரிட்டின் உயர்ந்தும் காணப்படுவது பெரும்பாலும் இத்தற்காப்பின் விளைவே. அவ்வறிக்கையை மட்டும் கொண்டு இரும்புக் குறைபாடு உண்டா, இல்லையா என்று முடிவுசெய்ய இயலாது. இந்நிலையில் மாத்திரை கொடுத்தாலும் அதிகம் சேராது. ஊசி மூலம் ஏற்றினால், உடல் பூட்டி வைத்ததை நாமே திறந்துவிட்டதாக ஆகலாம். எனவேதான் தொற்று அடங்கும்வரை காத்திருக்கிறோம். ஹீமோகுளோபின் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் இரத்தம் ஏற்றுவது வேறு முடிவு. அதற்கு இத்தயக்கம் பொருந்தாது.

அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் குடும்பத்தார் ஒன்றைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். மிகுதியான இரும்பை அகற்றத் தரப்படும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தே ஒரு சிடெரோஃபோர்தான். யெர்சினியா என்னும் குடல் கிருமி, அம்மருந்து பற்றிய இரும்பைத் தன் உணவாக்கிக்கொள்ளும். காய்ச்சலோடு வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அம்மருந்தை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

சாதாரணச் சளி, இருமலுக்காகக் கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. தொற்றுக்காக இங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள், இரும்புச்சத்தை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை வீடு திரும்புமுன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.