முட்டைக்கோஸ் மீது விழுந்த பழி

1990 ஜூன் தொடங்கி ஓராண்டு காலத்தில் நியூயார்க் நகரில் நான்கு பேர், திரும்பத் திரும்ப வந்த வலிப்போடு மருத்துவர்களிடம் போனார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லை. நால்வரும் சமய ஆசாரம் வழுவாத யூத சமூகத்தினர். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள். ஆனால் அவர்களுடைய மூளையில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் லார்வா! விசாரணையில் வழி தெரிந்தது. அந்த வீடுகளில் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்தார்கள். அவர்களைச் சோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. குடலில் இப்புழு இருப்பவருக்குப் பெரும்பாலும் பெரிய தொந்தரவு எதுவும் தெரியாது. அவரும் சிகிச்சை தேவைப்பட்ட ஒரு நோயாளிதான்.

நம் ஊரில் இந்த நோய்க்கான பழி முட்டைக்கோஸின் தலையில் விழுந்திருக்கிறது. “கோஸ் சாப்பிட்டால் புழு மூளைக்கு ஏறிவிடும்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. இலையில் நெளியும் பச்சைப் புழு ஏதோ ஒரு பூச்சியின் குஞ்சு. அது மூளைக்குப் போகாது. மூளைக்குப் போவது கண்ணுக்கே தெரியாத நாடாப்புழு முட்டையிலிருந்து வரும் லார்வா. அந்த முட்டை கோஸில் உண்டாவதில்லை, மனித மலத்திலிருந்து வருகிறது. மலம் கலந்த மண்ணிலோ நீரிலோ வளர்ந்து, பச்சையாகத் தின்னப்படும் எந்தக் காய், கீரையிலும் அது ஒட்டியிருக்கலாம். சரியாகக் கை கழுவாதவர் பரிமாறும் சோற்றிலும் இருக்கலாம்.

லார்வா உள்ள பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்பவரின் குடலில் புழு சில மீட்டர் நீளத்துக்கு வளர்கிறது. அதன் உடல் துண்டுதுண்டாகக் கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டில் சுமார் 50,000 முட்டைகள் இருக்கக்கூடும். அதைப் பன்றி தின்றால் பன்றியின் தசையில் லார்வா தங்குகிறது. மனிதர் விழுங்கினாலும் அதே கதைதான்: குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கோ கண்ணுக்கோ மூளைக்கோ போய்விடுகிறது. ஆக, சுத்த சைவக்காரருக்கும் இது வரும். பன்றிக்கறி தின்பவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதில் அர்த்தமே இல்லை.

மூளையில் அது எப்படி இருக்கும்? பட்டாணி அளவில் ஒரு மெல்லிய பை. உள்ளே தெளிந்த நீர். ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. ஸ்கேன் படத்தில் அது தெரிந்துவிட்டால் மருத்துவருக்குச் சந்தேகம் இருக்காது. பை உயிரோடு இருக்கும்வரை உடலின் எதிர்ப்பாற்றலை ஏய்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும். இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்தே வலிப்பு வந்தது. அப்படிப்பட்ட 450 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1961இல் வெளியானது.

பை சாகத் தொடங்கும்போதுதான் தொல்லை. உடல் அதைத் தாக்க, சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வருகிறது. இதனால்தான் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தானாகவே பூச்சி மாத்திரை வாங்கி விழுங்குவது ஆபத்து. பல பைகள் ஒரே சமயத்தில் செத்தால் மூளை வீங்கிவிடும். அல்பெண்டசோல், பிராசிகுவான்டெல் மருந்துகளோடு வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டையும் மருத்துவர் சேர்த்துத் தருவது அதற்காகவே.

இந்த நோயைப் புரிந்துகொள்வதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் ஸ்கேனில் ஒற்றையாக ஒரு சிறு கட்டி தென்படுவது வழக்கம். அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்தது; அவற்றில் பல, செத்துக்கொண்டிருந்த லார்வாக்கள் என்று 1989இல் ‘லான்செட்’ இதழில் எழுதியது. இத்தகைய கட்டிகள் பல தாமாகவே கரைந்துவிடுவதும் பின்னர் தெளிவானது. எத்தனை பேர் வேண்டாத மருந்திலிருந்தும் அறுவை சிகிச்சையிலிருந்தும் தப்பியிருப்பார்கள்! 2006இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் விசாரித்தார்கள். அங்கே வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு.

இவ்வளவு தெரிந்த பிறகும் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். பெண்ணுக்கு வந்தால் கல்யாணம் ஆகும்வரை மூடி மறைக்கிறார்கள். மறைப்பதால் மாத்திரை தடைபடுகிறது, வலிப்பு மீண்டும் வருகிறது. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

நோயை வேரோடு தடுக்கவும் முடியும். பெருவின் வடக்கே தும்பெஸ் பகுதியில் மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து, பன்றிகளுக்குத் தடுப்பூசி என்று இரு பக்கமும் நெருக்கியதில், 107 ஊர்களில் 105இல் பரவல் நின்றது. முடிவுகள் 2016இல் வெளியாயின. பன்றிக்கான தடுப்பூசி இப்போது ஹைதராபாத்திலேயே தயாராகிறது. ஆனால் நம் ஊர்ப் புறங்களில் பன்றிகள் பட்டியில் அடைபடாமல் சாக்கடையோரம் மேய்கின்றன. கழிப்பறை இல்லாத வீடுகளும் இன்னும் இருக்கின்றன.

ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த லார்வாவால் வலிப்பு என்று தெரிந்தால், அந்த வீட்டில் உள்ள மற்றவர்களின் மலத்தையும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. யார் குடலிலாவது புழு இருந்தால், மருத்துவர் தரும் நிக்ளோசமைட் மாத்திரையிலேயே அது வெளியேறிவிடும்.