கடைமடைக்கு வந்த வெளிச்சம்

காவேரியைப் பற்றித் தஞ்சாவூர்க்காரரிடம் வாய் கொடுத்தவர்கள் லேசில் தப்பி வர முடியாது. கரிகாலனில் ஆரம்பித்துக் கல்லணையில் இளைப்பாறி, மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்பது வரையில் சொல்லி முடித்த பிறகுதான் அவர் நம்மை விடுவார். ஆனால் அவ்வளவு விஸ்தாரமான புராணத்திலும் ஓர் அத்தியாயத்தை அவர் அநேகமாக விட்டுவிடுகிறார். அது மின்சார அத்தியாயம். காவேரித் தண்ணீரின் விசையில் முதன் முதலாகப் பிறந்த மின்சாரம் எங்கே போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "மேட்டூரிலிருந்து நம் ஊருக்குத்தான் வந்திருக்கும்" என்பார். நம் ஊருக்கு அது வரவில்லை. மேட்டூர் அணைக்கு அஸ்திவாரக் கல்லே போடாத காலத்தில் அது வேறு திசையில் புறப்பட்டுப் போய்விட்டது.

அந்தக் கதைக்குப் போகுமுன் டிராம் வண்டியில் கொஞ்ச தூரம் பிரயாணம் செய்ய வேண்டும். ஏனென்றால், நம் ஜில்லாவின் பெரியவர்களில் பலருக்கு மின்சாரம் அறிமுகமானது சென்னைப் பட்டணத்து டிராம் வண்டியின் மூலமாகத்தான். கும்பகோணத்திலும் மாயவரத்திலும் ரயிலேறி, படிப்பதற்கும் வக்கீல் தொழிலுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் சென்னை போனவர்கள், எழும்பூரில் இறங்கியதும் கண்ட முதல் அதிசயம் அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ரயிலைப் போலப் புகையும் இல்லை. வண்டி மட்டும் போகிறது!

சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவுக்கு 1902-லும் பம்பாய்க்கு 1907-லுமே அந்தப் பாக்கியம் கிட்டிற்று. ஆரம்பத்தில் மின்சாரக் கம்பியைத் தெருவுக்கு அடியில் ஒரு கால்வாய் வெட்டி அதற்குள் போட்டிருந்தார்கள். சென்னையின் ஐப்பசி மழை அந்தக் கால்வாயை நிஜமான கால்வாயாகவே ஆக்கிவிட்டது. பிறகு கம்பி தலைக்கு மேலே ஏறிற்று. வேடிக்கை என்னவென்றால், டிராமுக்கு மின்சாரம் கிடைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் சென்றுதான் சென்னைவாசிகளின் வீடுகளுக்கு அது கிடைத்தது. அதாவது, மின்சார வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய், எண்ணெய் விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் எண்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறு பிள்ளையாக மாமா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தபோது மயிலாப்பூர் டிராமில் ஏறியதை நேற்று நடந்தது போலச் சொல்லுவார். வண்டி ஓட்டுகிறவர் காலால் மணியை அமுக்கி அமுக்கி அடிப்பாராம். குறுக்கே வருகிற மனிதர் மணிக்கும் நகரமாட்டாராம். வண்டி அவ்வளவு நிதானம். "டிராமில் போனால் வேடிக்கை பார்க்கலாம், அவசரம் என்றால் நடந்து போக வேண்டும்" என்று மாமா சொல்வாராம். 1953-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அந்தக் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி வண்டியை நிறுத்திவிட்டது. தண்டவாளங்களைப் பெயர்த்தும் மூடியும் ரஸ்தாவாக்கிவிட்டார்கள்.

நம் ஜில்லாவுக்கு டிராம் வரவேயில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகவும் தோன்றவில்லை. நமக்கு இருந்தது வேறொரு பெருமை. நிலத்தீர்வையுடன் கூடுதல் வரி கொடுத்து, ஜில்லா போர்டின் சொந்த ரயிலாக மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையில் 1894-லேயே ஓட விட்டவர்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். ரயிலுக்கு வேண்டிய பணம் நெல்லில் இருந்தது. மின்சாரத்துக்கு வேண்டியதோ விழுகிற தண்ணீர். சமதளமான நம் பூமியில் காவேரி நடக்கிறாளே தவிர எங்கேயும் விழுவதில்லை.

அவள் விழுகிற இடம் மைசூர் ராஜ்யத்துச் சிவசமுத்திரம். அங்கே நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று துணிந்தவர் திவான் ஸர் கே. சேஷாத்ரி ஐயர். 1902-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அந்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பியில் ஓடிக் கோலார் தங்கச் சுரங்கத்தை அடைந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டு போவது உலகமே மூக்கில் விரலை வைத்த காரியம். அதைக் கண்ணால் காணத் திவானுக்குக் கொடுத்து வைக்கவில்லை. முந்தின வருஷமே காலமாகிவிட்டார். 1905-ல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது.

இதில் நமக்கென்ன நஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்சார யந்திரம் தண்ணீரைக் குடித்துவிடுவதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே ஆற்றில் விட்டுவிடுகிறது. ஆனால் சுரங்கத்தின் யந்திரம் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஓட வேண்டும். பூமிக்கடியில் ஆள் இருக்கும்போது, கோடையில் ஆறு வற்றிவிட்டது என்று காற்றையும் ஏற்றியையும் நிறுத்த முடியுமா? ஆகவே வெள்ளக் காலத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்து, கோடையில் சிறிது சிறிதாக விட வேண்டியிருந்தது. வெள்ளக் காலம் என்பது ஆனியும் ஆடியும். நம் வயல்களில் குறுவை நாற்று தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டிருக்கும் மாதங்கள் அவையேதான். தண்ணீர் குறையாவிட்டாலும் வருகிற வேளை மாறிவிட்டால் போதும், நெல்லுக்கு அது பட்டினிதான்.

மைசூர்க்காரர்கள் கண்ணம்பாடியில் அணை கட்ட முனைந்ததற்கு, சுரங்கத்துக்கு மின்சாரம் தடைப்படக் கூடாது என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. பாசனமும் அவர்கள் மனத்தில் இருந்தது. அதை மறைப்பது தர்மமல்ல. 1910-ல் பேச்சு ஆரம்பித்தது. மைசூர் 41½ ஆயிரம் மில்லியன் கன அடி தேக்கப் பார்த்தது. சென்னை சர்க்கார் 11-க்குத்தான் முதலில் இணங்கிற்று. 1911-ல் வேலை தொடங்கியபோது பிரதம என்ஜினீயர் விசுவேசுவரய்யா அஸ்திவாரத்தை மட்டும் பெரிய அணைக்கு ஏற்ற அகலத்தில் போட்டார்! அவருடைய சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியாது. கீழே இருக்கிற நமக்கு வயிறு எரியாமல் இருக்கவும் முடியாது. மத்தியஸ்தர் வந்தார், 1914-ல் தீர்ப்புச் சொன்னார், சென்னை சர்க்கார் அதை ஏற்கவில்லை, வழக்கு லண்டன் வரையில் போயிற்று. கடைசியில் 1924-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் பிரகாரம் அவர்களுக்குக் கண்ணம்பாடி, நமக்கு மேட்டூர்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துக்கள் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு மறுபரிசீலனைக்கு உரியவை என்று எழுதியிருந்தது. 1974-ல் எழுந்த சச்சரவு 1990-ல் நடுவர் மன்றத்துக்கும், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்புக்கும், 2018-ல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புக்கும் போயிற்று. இதற்கிடையில் கோலார் சுரங்கத்தில் தங்கம் கட்டுபடியாகாமல் 2001-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். எந்த விளக்கை அணையாமல் காப்பதற்காக ஆற்றைத் தேக்க ஆரம்பித்தார்களோ அந்த விளக்கு அணைந்துபோயிற்று. வழக்கு மட்டும் அதற்கப்புறமும் நெடுநாள் எரிந்துகொண்டிருந்தது.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-ல் அதன் அடியில் மின்சார நிலையம் இயங்கிற்று. இங்கே மட்டும் ஓர் ஏற்பாட்டை நம்மவர்கள் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ந் தேதி மூடுவது என்பது அணையின் முறை. பாசனத்துக்காகத் திறக்கிற தண்ணீர் போகிற போக்கில் மின்சார யந்திரத்தையும் சுற்றிவிட்டுப் போகும். அணை மூடிவிட்டால் மின்சாரமும் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். நெல் எஜமானன், விளக்கு ஊழியன். சிவசமுத்திரத்தில் தலைகீழாக இருந்த விவகாரம் மேட்டூரில் நேராயிற்று.

மேட்டூர் மின்சாரம் திருச்சி, தஞ்சை ஜில்லாக்களுக்கும் வந்தது. வந்தது என்றால் எப்படி வந்தது? இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். காவேரிக் கரையில் தலைமடை, கடைமடை என்று இரண்டு வார்த்தைகள் உண்டு. வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவன் வயலுக்கு முதலில் பாயும். கோடியில் இருக்கிறவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மின்சாரத்துக்கும் கம்பி வழியே அதே தலைமடையும் கடைமடையும் ஏற்பட்டுவிட்டன.

போன வருஷம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும்: உங்கள் வீட்டில் முதல் மின்விளக்கு எந்த வருஷம் எரிந்தது? எந்த இடத்தில் எரிந்தது? அதற்கு முன் என்ன விளக்கு இருந்தது? பாடப் புத்தகத்தில் இல்லாத கேள்விகளானதால் பிள்ளைகள் உற்சாகமாகவே எழுதி வந்தார்கள்.

வருஷத்தைப் பற்றிய பதில்கள் என்னைத் திடுக்கிட வைத்தன. கும்பகோணத்தில் மூத்த உறவினர்கள் இருந்த பிள்ளைகள், கொள்ளுத் தாத்தா காலத்திலேயே யுத்தத்துக்கு முன் விளக்கு வந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். கிராமத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காமராஜர் முதல் மந்திரியாயிருந்த 1954-க்கும் 1963-க்கும் நடுவில். 1957-ல் சென்னை மின்சார வாரியம் ஏற்பட்டுக் கிராமங்களுக்குக் கம்பி இழுத்த காலம் அது. ஆனால் அதே கிராமத்தில், அந்தப் பண்ணையில் நடவு நட்டவர்களின் தெருவிலிருந்து வருகிற பிள்ளைகளின் தாள்களில் இருபது வருஷம், முப்பது வருஷம் பிந்திய கணக்கு. கம்பம் தெரு முனையில்தான் நின்றது. முனைக்கும் குடிசைக்கும் நடுவில் இருந்த தூரம் நூறு கஜம் இராது. சர்க்கார் குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்த பிறகே பல வீடுகளில் அரிக்கேன் விளக்கை ஆணியில் மாட்டினார்கள்.

விளக்கு எரிந்த இடத்தைப் பற்றிய பதில்களில் வேறொரு கடைமடை தெரிந்தது. முதல் பல்பு கூடத்தில்; இரண்டாவது வாசல் திண்ணையில், நாலு பேர் பார்க்கும்படியாக. சமையலறைக்கு அநேகமாகக் கடைசியில். புகையிலும் இருட்டிலும் அதிக நேரம் வேலை செய்தவர்களுக்கு அதிகத் தாமதமாக வெளிச்சம் கிடைத்தது. ஒரு பையன் தன் பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருந்தான்: விளக்கு வந்த பிறகுதான் சுவரில் எவ்வளவு கரி படிந்திருக்கிறது என்று தெரிந்ததாம், அதைத் தேய்க்கிற வேலையும் பாட்டிக்கே சேர்ந்ததாம்.

வயலில் என்ன நடந்தது? ஆற்றில் தண்ணீர் தாமதமாகிற வருஷங்களில் 1960-களிலிருந்து 'ஃபில்டர் பாயிண்ட்' குழாய் இறக்கி, மின்சார மோட்டார் வைத்து நாற்றங்காலுக்கு நீர் இறைக்கத் தொடங்கினார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாயிற்று. கும்பகோணம், மாயவரம் பக்கத்தில் பூமிக்கடியில் நல்ல தண்ணீர். கடலோரம் போகப் போக உப்பு. வேதாரண்யம் பக்கத்துக் குடியானவர் பலருக்கு இலவச மின்சாரம் இருந்தும் இறைப்பதற்குத் தண்ணீர் இல்லை. ஆற்று நீரும் அவருக்குக் கடைசியில்தான். எந்தச் சௌகரியம் வந்தாலும் அவர் மட்டும் வரிசையின் கோடியிலேயே நிற்பது என்ன நியாயம் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. இப்போது திருமாக்கோட்டையிலும் குத்தாலத்துக்கு அருகிலும் பூமியிலிருந்து வரும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரமே உற்பத்தி செய்கிறார்கள். ஒரு காலத்தில் நூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்த வஸ்து இன்று நெல் வயலின் ஓரத்திலேயே பிறக்கிறது.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் வாரக் கணக்கில் இருட்டு. வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் இறங்கிக் கம்பங்களைத் தோளில் சுமந்து போனதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பரணிலிருந்து சிம்னி விளக்குகள் இறங்கின. திரியைக் கத்தரித்துச் சமப்படுத்தத் தெரிந்தவர்கள் வீட்டுக் கிழவிகள் மட்டுமே. பத்து நாளைக்கு அவர்களுக்கு வீட்டில் இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது!

அந்தக் கிழவிகளில் சிலர் இப்போது இல்லை. டிராமில் ஏறியவர்களோ விரல் விட்டு எண்ணத் தக்கவர்கள். பழைய கம்பெனி மின்கட்டணச் சீட்டு, பித்தளை மூடி போட்ட ஸ்விட்சு, கூடத்து உத்தரத்தில் பதித்த பீங்கான் குமிழ் இவையெல்லாம் வீடு இடிக்கும்போது குப்பை வண்டியில் ஏறிவிடுகின்றன. நேயர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை வருஷத்துடனும் தெருவின் பெயருடனும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டுகிறேன். தெருவின் பெயரை விட்டுவிடக் கூடாது. ஊரின் பெயரை மட்டும் எழுதினால் எல்லா ஊருக்கும் விளக்கு சீக்கிரமாகவே வந்துவிட்டதாகத் தோன்றும்.