எட்டும் ஒன்றும் ஏன் பக்கத்து வீடு?

பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து ஒரகடம் வரை ஆலைகள். கல்லூரியில் தேர்வுக்கு முதல் நாள் ஸ்லைடுகளைத் தாளில் அடக்கப் பார்க்கும் மாணவருக்கும், ஆலையில் புது ஆட்களுக்குச் சட்டைப்பைக் கையேடு போட நினைக்கும் மேற்பார்வையாளருக்கும் தேவை ஒன்றுதான்: ஒரே தாளில் பல பக்கம்.

இதைச் சுலபமாக்கியது ஏ4 தாளின் அளவு. 210 × 297 மி.மீ.; அகலத்தைப் போல நீளம் 1.414 மடங்கு. இந்த விகிதத்தில் உள்ள தாளைப் பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது. ஜெர்மனி 1922-இல் இதைத் தரமாக்கியது. அதனால் ஏ4-இல் இரண்டு பக்கம் வைக்க 71 சதவீதமாகச் சுருக்கினால் போதும், ஓரம் வீணாகாது. லீகல் தாளில் இந்த வசதி கிடையாது.

ஆனால் எழுத்தும் கூடவே சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து, தாளுக்கு இரண்டு பக்கம் வைத்தால் எட்டரை ஆகும்; நான்கு வைத்தால் ஆறு. ஆறில் ஆங்கிலத்தைக் கண்ணைச் சுருக்கியாவது படித்துவிடலாம். தமிழில் புள்ளி மங்கும், ‘கி’யா ‘கீ’யா என்று குழப்பும். ஸ்லைடுகளில் எழுத்தே பெரிது என்பதால் தாளுக்கு ஆறு கூடத் தாங்கும். பாடப் பக்கங்களுக்கு என் கணக்கில் இரண்டுதான் எல்லை.

கையேடு வேறு விளையாட்டு. இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, புத்தகம் போலப் புரட்டி 1 முதல் 8 வரை பென்சிலால் எண் போடுங்கள். பிறகு பிரியுங்கள். வெளித்தாளில் 8-க்குப் பக்கத்தில் 1. அதன் பின்புறம் 2, 7. உள்தாளில் 6, 3. பின்புறம் 4, 5. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9. மொத்தப் பக்கத்தோடு ஒன்றைக் கூட்டிய எண் அது. 16 பக்கக் கையேட்டில் 17. அச்சகத்தில் இந்த மாதிரி மடிப்பை ‘டம்மி’ என்பார்கள். அங்கே பெரிய தாளில் முன் எட்டு, பின் எட்டு என்று 16 பக்கம் அடித்து மூன்று முறை மடித்தால் ஒரு ஃபாரம். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலும் 16 பக்கம்தான்.

ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பதால் மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் என்றால் 8 தாள், இரண்டு பக்கம் காலி. தாள் கூடினால் இன்னொரு தொல்லை: 20 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் உள்தாள் 2 மி.மீ. அளவுக்கு வெளியே நீட்டும். பின் அடித்த பிறகு ஓரத்தை வெட்டுவது அதற்காகத்தான். எழுத்தை ஓரம்வரை கொண்டுபோனவர்கள் அப்போது வருந்துவார்கள்.

ஒருமுறை நான் ஒரு கடையில் கையேட்டை ஐம்பது பிரதி எடுத்தேன். எல்லாவற்றிலும் பின்பக்கம் தலைகீழ். பிரின்டர் அமைப்பில் தாளை நீள ஓரத்தில் திருப்பச் சொல்லியிருந்தேன். மடிக்கும் கையேட்டுக்குக் குட்டை ஓரத்தில் திருப்ப வேண்டும். கடைக்காரர் மேல் பிழையில்லை, காசு என்னுடையது. நீங்கள் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, புரட்டிப் பாருங்கள். அப்புறம் ஐம்பது சொல்லுங்கள்.