புஜ் முதல் திப்ருகர் வரை

குஜராத்தின் புஜ் விமான நிலையத்திற்கும் அசாமின் திப்ருகருக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,580 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம், ஏறி இறங்கும் நேரம் உட்பட, மூன்றரை மணி நேரத்தில் இதைக் கடந்துவிடும். ஆனால் நேரடி விமானம் இல்லை. மும்பை, தில்லி வழியே சென்றால் தொலைவு சுமார் 3,470 கி.மீ. ஆகிறது, காத்திருப்பு தனி. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்றை எதிர்த்து வருவதால், திரும்பும் பயணம் இன்னும் நீளும்.

நாம் பெரும்பாலும் கட்டணத்தை மட்டுமே ஒப்பிடுகிறோம். மலிவாக இருக்கிறதென்று தனித்தனிப் பயணச்சீட்டு வாங்குவோர், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததன் கட்டணத்தைப் பெரும்பாலும் இழக்க நேரும். இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் அவர் வராத பயணி, அவ்வளவே. ஒரே முன்பதிவில் செல்பவருக்கு மாற்று ஏற்பாட்டை நிறுவனத்திடம் கேட்க இடமுண்டு. சில நூறு ரூபாய் கூடினாலும் அதுவே சிக்கனம் என்பது எங்கள் கருத்து. பயணக் காப்பீடு எடுப்போர், இணைப்பு விமானம் தவறினால் இழப்பீடு உண்டா என்பதை முன்பே படித்தறிய வேண்டும்.

மற்றொன்று: கடிகாரம் நாடெங்கும் ஒன்றே எனினும், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் திப்ருகரில் இருட்டிவிடும். தங்குமிடத்தையும் வாடகை வண்டியையும் முன்னரே உறுதிசெய்துகொள்க.