நாற்கால் விலங்குகளின் முன்னங்கால் மூட்டுகள்

நாற்கால் விலங்குகளின் முன்னங்கால் மூட்டுகள் என்பவை, நான்கு கால்களில் நடக்கும் விலங்குகளின் முன்னங்காலில் உள்ள எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் ஆகும். தோள் மூட்டு, முழங்கை மூட்டு, மணிக்கட்டு மூட்டு, விரல் மூட்டுகள் என்பன இவற்றுள் முதன்மையானவை. எலும்புகளின் வரிசையைக் கொண்டு நோக்கினால், நாற்கால் விலங்கின் முன்னங்கால் மனிதனின் கைக்கு இணையான உறுப்பாகும். குதிரை, மாடு, நாய், யானை ஆகியவற்றின் முன்னங்காலில் முழங்கால் மூட்டு கிடையாது. முழங்கால் எனப் பொதுவாகக் கருதப்படும் மூட்டு உண்மையில் அவற்றின் மணிக்கட்டு ஆகும்.

இக்கட்டுரையில் குதிரையின் முன்னங்கால் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. பிற பாலூட்டிகளின் வேறுபாடுகள் உரிய இடங்களில் தரப்பட்டுள்ளன.

பெயர்க் குழப்பம்

குதிரையின் முன்னங்காலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, காலின் நடுப்பகுதியில் ஒரு பெரிய மூட்டு தென்படும். மனிதனின் முழங்கால் காலின் நடுவில் இருப்பதால் இதனையும் முழங்கால் அல்லது முட்டி என அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆங்கிலத்திலும் குதிரை வளர்ப்போர் இம்மூட்டை முழங்கால் என்றே குறிப்பிடுகின்றனர். யானைக்கு நான்கு முழங்கால்கள் உள்ளன என்னும் பரவலான கருத்தும் இக்குழப்பத்திலிருந்து தோன்றியதே. யானைக்கு முழங்கால்கள் இரண்டே; அவை பின்னங்கால்களில் உள்ளன.

மூட்டுகளை மேலிருந்து கீழாக எண்ணினால் இக்குழப்பம் நீங்கும். குதிரையின் முன்னங்கால் மூட்டுகளும் அவற்றுக்கு இணையான மனித மூட்டுகளும் பின்வருமாறு:

* மார்பின் முன்புறத்தில் துருத்தி நிற்கும் மூட்டு - தோள்
* மார்பின் அடிப்பகுதியை ஒட்டியுள்ள மூட்டு - முழங்கை
* காலின் நடுவில் உள்ள, முட்டி எனப்படும் மூட்டு - மணிக்கட்டு
* குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டு - உள்ளங்கையும் நடுவிரலும் சேரும் கணு
* குளம்பை ஒட்டியும் அதன் உள்ளேயும் உள்ள மூட்டுகள் - நடுவிரலின் கணுக்கள்

எனவே குதிரை, ஒவ்வொரு முன்னங்காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியை ஊன்றி நடக்கும் விலங்கு ஆகும். அதன் குளம்பு அவ்விரலின் நகம் ஆகும். நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன. கரடி உள்ளங்கை முழுவதையும் தரையில் பதித்து நடக்கிறது.

உடலுடன் இணைப்பு

மனிதனில் தோளையும் மார்பெலும்பையும் காறை எலும்பு இணைக்கிறது. குதிரை, மாடு, ஆடு ஆகியவற்றில் காறை எலும்பு இல்லை. நாயில் அது அற்றுப்போன நிலையில் காணப்படுகிறது. பூனையில் சிறிய காறை எலும்பு ஒன்று தசைக்குள் புதைந்திருந்தாலும் அது வேறு எந்த எலும்புடனும் மூட்டு அமைப்பதில்லை. ஆகவே இவ்விலங்குகளில் முன்னங்காலுக்கும் உடலுக்கும் இடையே எலும்பு மூட்டு எதுவும் இல்லை. பின்னங்காலோ இடுப்பெலும்புடன் பந்துக்கிண்ண மூட்டால் இணைந்துள்ளது.

முன்னங்காலை உடலுடன் இணைப்பவை தசைகள் மட்டுமே. இவற்றுள் முதன்மையானது, விலா எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் உட்புற மேற்பகுதி வரை விரிந்திருக்கும் ஒரு தசை ஆகும். இதன் விளிம்பு ரம்பத்தின் பற்களைப் போன்று இருப்பதால் இது ரம்பத்தசை எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது. இரு பக்கங்களிலும் உள்ள இத்தசைகள் ஒரு தூளியைப் போன்று செயற்பட்டு, மார்புக்கூட்டை இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையே தொங்கவிடுகின்றன.

இவ்வமைப்பால் இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் முன்னும் பின்னும் நகர முடிவதால் விலங்கின் எட்டு நீளமாகிறது. மற்றொன்று, கால் தரையில் மோதும்போது எழும் அதிர்ச்சியைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. உயரத்திலிருந்து குதிக்கும் பூனை முன்னங்கால்களை முதலில் ஊன்றி இறங்குவது இதனாலேயே இயலுகிறது. தலையும் கழுத்தும் முன்புறம் இருப்பதால், நிற்கும் குதிரை அல்லது நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன.

தோள் மூட்டு

தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் உள்ள ஆழமற்ற குழியும் மேற்கை எலும்பின் உருண்டையான தலையும் சேர்ந்து தோள் மூட்டை அமைக்கின்றன. தோள்பட்டை எலும்பு முன்னோக்கிச் சாய்ந்தும், மேற்கை எலும்பு பின்னோக்கிச் சாய்ந்தும் அமைந்துள்ளன. இவ்விரு எலும்புகளும் உடலின் தோலுக்குள் அடங்கியிருப்பதால் குதிரையின் மேற்கை வெளியே தனியாகத் தெரிவதில்லை.

அமைப்பில் இது பந்துக்கிண்ண மூட்டு. மனிதன் கையைச் சுழற்ற முடிவதைப் போலக் குதிரையால் தன் முன்னங்காலைச் சுழற்ற முடியாது. சுற்றியுள்ள தசைகளும் அவற்றின் தசைநாண்களும் மூட்டின் இரு பக்கங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், இம்மூட்டு பெரும்பாலும் மடங்குதல், நீளுதல் என்னும் இரண்டு அசைவுகளையே செய்கிறது.

முழங்கை மூட்டு

மேற்கை எலும்பின் கீழ்முனை, ஆரை எலும்பு, அரந்தி எலும்பு ஆகிய மூன்றும் சேரும் இடம் முழங்கை மூட்டு ஆகும். இது கதவின் கீல் போன்று ஒரே தளத்தில் மட்டும் அசையும் மூட்டு. அரந்தி எலும்பின் மேல்முனை பின்புறமாக நீண்டு முழங்கை முனையாகிறது. முழங்கையை நீட்டும் தசை இம்முனையில் பற்றிக்கொண்டு அதனை ஒரு நெம்புகோலாகப் பயன்படுத்துகிறது.

மனிதனில் ஆரை எலும்பு அரந்தி எலும்பின் மீது உருள்வதால் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப இயலுகிறது. பூனை இவ்வசைவை ஓரளவு செய்யும். அதனால் இரையைப் பற்றவும் மரம் ஏறவும் அதனால் முடிகிறது. நாயில் இவ்வசைவு குறைவு. குதிரையில் அரந்தி எலும்பு குறுகி ஆரை எலும்புடன் ஒன்றிவிட்டதால் இவ்வசைவு அறவே இல்லை. யானையில் இரண்டு எலும்புகளும் தனித்தனியாக இருந்தபோதும், அவை திரும்ப முடியாத நிலையில் அமைந்துள்ளன.

மணிக்கட்டு மூட்டு

மணிக்கட்டு ஒரே மூட்டு அன்று. சிறு எலும்புகளின் இரண்டு வரிசைகளால் ஆன தொகுதி ஆகும். இவ்வெலும்புகளின் எண்ணிக்கை குதிரையில் 7 அல்லது 8, நாயில் 7, மாட்டில் 6. இவற்றிடையே மூன்று நிலைகளில் அசைவு நிகழ்கிறது.

* ஆரை எலும்புக்கும் மேல் வரிசைக்கும் இடையிலான மூட்டு - மிகுதியான அசைவு இங்கு நிகழ்கிறது.
* மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையிலான மூட்டு - இதில் அசைவு முன்னதைவிடக் குறைவு.
* கீழ் வரிசைக்கும் அங்கை எலும்புக்கும் இடையிலான மூட்டு - இதில் அசைவு அனேகமாக இல்லை.

எலும்பு அமைப்பும் இம்மூட்டை முழங்காலிலிருந்து வேறுபடுத்துகிறது. முழங்காலின் முகப்பில் சில்லு எலும்பு ஒன்று உண்டு. மணிக்கட்டின் முகப்பில் அத்தகைய எலும்பு இல்லை. மேலும், பின்னங்காலின் முழங்கால் மூட்டின் கோணம் முன்னோக்கியும், முன்னங்காலின் முழங்கை மூட்டின் கோணம் பின்னோக்கியும் அமைந்துள்ளன. மணிக்கட்டு நிற்கும்போது நேராக இருந்து, மடங்கும்போது குளம்பை முழங்கையை நோக்கிப் பின்புறமாக உயர்த்துகிறது.

மணிக்கட்டின் பின்புறத்தில் ஓர் எலும்பு தனியே துருத்தி நிற்கிறது. அதன் உட்புறமாக அமைந்த குழாய் போன்ற பாதையின் வழியே விரலை மடக்கும் தசைநாண்கள் கீழிறங்குகின்றன. மனிதனின் மணிக்கட்டிலும் இத்தகைய பாதை உண்டு.

விரல் மூட்டுகள்

நாயின் முன்னங்காலில் ஐந்து விரல்கள் உள்ளன. அவற்றுள் முதல் விரல் தரையைத் தொடுவதில்லை. மாட்டில் மூன்றாம், நான்காம் விரல்கள் எடையைத் தாங்குகின்றன. குதிரையில் எஞ்சியிருப்பது மூன்றாம் விரல் மட்டுமே. இரண்டாம், நான்காம் அங்கை எலும்புகள் மெல்லிய குச்சிகளாகச் சுருங்கி, பெரிய மூன்றாம் அங்கை எலும்பின் இரு பக்கங்களிலும் ஒட்டியுள்ளன. குதிரையின் தொன்மையான மூதாதை விலங்குகளின் முன்னங்காலில் நான்கு விரல்கள் இருந்தன எனப் புதைபடிவங்கள் காட்டுகின்றன.

அங்கை எலும்பும் விரலும் சேரும் மூட்டு ஆங்கில வழக்கில் ஃபெட்லாக் எனப்படுகிறது. இதன் பின்புறத்தில் இரண்டு சிறிய எள்ளுரு எலும்புகள் உள்ளன. மேலிருந்து வரும் வலுவான இணைப்பு நார் இவ்வெலும்புகளைப் பற்றி, மூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. விரைந்து ஓடும் குதிரை ஒரு முன்னங்காலை மட்டும் ஊன்றியிருக்கும் கணத்தில், அக்காலின் மீது உடல் எடையைப் போன்று இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை செயற்படுகிறது. அப்போது இம்மூட்டு தரையை நோக்கித் தாழ்கிறது. இழுபட்ட நாரும் தசைநாண்களும் வில்லைப் போன்று சுருங்கி, காலை மீண்டும் மேலே தள்ளுகின்றன.

மணிக்கட்டுக்குக் கீழே குதிரையின் காலில் குறிப்பிடத்தக்க தசைகள் இல்லை. அசைவுகள் அனைத்தும் மேலேயுள்ள தசைகளிலிருந்து நீண்ட தசைநாண்கள் வழியாகவே கடத்தப்படுகின்றன. காலின் அடிப்பகுதி எடை குறைவாக இருப்பதால் அதனை விரைவாக வீசி ஓடக் குறைந்த ஆற்றலே போதுமானதாகிறது.

நின்றபடி ஓய்வெடுத்தல்

குதிரை நின்றபடியே ஓய்வெடுக்கவும் அரைத்தூக்கம் கொள்ளவும் வல்லது. இதற்கு முன்னங்காலில் தசைநாண்களும் இணைப்பு நார்களும் சேர்ந்த ஓர் அமைப்பு உதவுகிறது. மேற்கையின் முன்புறத் தசைக்குள் ஓடும் நாண் தோள் மூட்டு மடங்காமல் தடுக்கிறது. அதன் தொடர்ச்சி முன்கையின் தசையுடன் இணைந்து மணிக்கட்டையும் நேராக வைத்திருக்கிறது. ஃபெட்லாக் மூட்டை அதன் இணைப்பு நார்கள் தாங்குகின்றன. இதனால் தசைகள் மிகக் குறைவாக உழைத்தாலே கால் நிலைத்து நிற்கும். எனினும் கனவுநிலைத் தூக்கத்திற்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும்.

காயங்களும் நோய்களும்

முன்னங்கால்கள் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதால், ஓட்டப் பந்தயக் குதிரைகளின் மணிக்கட்டு எலும்புகளில் சில்லு முறிவுகளும் ஃபெட்லாக் மூட்டில் முறிவுகளும் ஏற்படுகின்றன. 1975 சூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் திடலில், அதுவரை ஓடிய பத்துப் பந்தயங்களிலும் வென்றிருந்த ரஃபியன் என்னும் பெண் குதிரையின் வலது முன்னங்காலில் எள்ளுரு எலும்புகள் இரண்டும் முறிந்தன. அறுவை மருத்துவத்திற்குப் பின் மயக்கம் தெளிந்த குதிரை ஓடுவதைப் போன்று கால்களை உதைத்ததால் கட்டு உடைந்து காயம் மோசமடைந்தது. அதன் பின்னர் அது கருணைக் கொலை செய்யப்பட்டது. 2008 மே 3 அன்று கென்டக்கி டெர்பி பந்தயத்தில் இரண்டாவதாக வந்த எய்ட் பெல்ஸ் என்னும் பெண் குதிரையின் இரு முன்னங்கால்களிலும் ஃபெட்லாக் மூட்டில் முறிவு ஏற்பட்டு, திடலிலேயே அதன் உயிர் போக்கப்பட்டது.

இத்தகைய முறிவுகளை ஆற்றுவது கடினமாக இருப்பதற்குக் காலின் அமைப்பே காரணமாகும். தசைகள் இல்லாத அடிக்காலில் முறிந்த எலும்பைச் சூழ்ந்து காக்கத் தோலும் நாண்களுமே உள்ளன. குருதி ஓட்டமும் எளிதில் தடைப்படுகிறது. குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க இயலாது. எடையை மற்றக் காலில் சாய்த்து நெடுநாள் நின்றால், அக்காலின் குளம்பையும் விரலெலும்பையும் பிணைக்கும் திசு அழற்சியுற்று அக்காலும் பழுதாகிறது.

மாடு எழும்போது முதலில் பின்னுடலை உயர்த்துகிறது. அவ்வேளையில் முன்னுடலின் எடை மடங்கிய மணிக்கட்டுகளின் மீது விழுகிறது. கடினமான சிமெந்துத் தரையில் கட்டப்படும் மாடுகளுக்கு மணிக்கட்டின் முன்புறத்தில் நீர்க்கட்டி போன்ற வீக்கம் தோன்றுவதற்கு இதுவே காரணம். வைக்கோல் போன்ற மென்மையான படுக்கை இதனைக் குறைக்கிறது. புருசெல்லா நோய்த் தொற்றாலும் இவ்விடத்தில் வீக்கம் ஏற்படக்கூடும். இந்நோய் மனிதருக்கும் பரவக்கூடியது என்பதால், ஆறாத வீக்கத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

லாப்ரடார், செருமன் செப்பர்டு போன்ற பெரிய நாய் இனங்களில் முழங்கை மூட்டின் எலும்புகள் சரிவரப் பொருந்தாமல் வளரும் குறைபாடு காணப்படுகிறது. இது பெரும்பாலும் மரபுவழி வருவது. குட்டிப் பருவத்திலேயே நொண்டுதல் இதன் அறிகுறியாகும்.

ஆய்வு வரலாறு

யானையின் கால்களில் மூட்டுகளே இல்லை, அது மரத்தில் சாய்ந்தே உறங்குகிறது என்னும் நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. யானை கால்களை மடக்கக்கூடியது என அரிசுடாட்டில் எழுதியிருந்தபோதும் அந்நம்பிக்கை மறையவில்லை. 1646 இல் ஆங்கிலேய மருத்துவர் தாமசு பிரவுன் தம் நூலில் அதனை மறுத்து எழுத வேண்டியிருந்தது.

குதிரையின் உடற்கூறு பற்றிய கார்லோ ரூயினியின் நூல் 1598 இலும், ஓவியர் சார்ச் சிடப்சின் நூல் 1766 இலும் வெளிவந்தன. சிடப்சு, இறந்த குதிரைகளைத் தாமே அறுத்து ஆராய்ந்து வரைந்தவர். மனிதனின் கை, குதிரையின் கால், வௌவாலின் சிறகு ஆகியன ஒரே அடிப்படை அமைப்பின் வேறுபட்ட வடிவங்கள் என்பதை ரிச்சர்ட் ஓவன் 1849 இல் வெளியான தம் நூலில் விளக்கினார். சார்லசு டார்வின் 1859 இல் இந்த ஒற்றுமைக்குப் பொது மூதாதையே காரணம் என எடுத்துக்காட்டினார்.

1878 இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ச் எடுத்த தொடர் ஒளிப்படங்கள், பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையிலிருந்து விலகியிருப்பதைக் காட்டின. அக்கணத்தில் கால்கள், ஓவியர்கள் அதுவரை வரைந்ததைப் போன்று முன்னும் பின்னும் நீட்டப்பட்டிருக்கவில்லை. மூட்டுகள் மடங்கி உடலின் அடியில் குவிந்திருந்தன.