கணிப்பொறியின் நினைவும் ஆச்சியின் நினைவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

‘கணிப்பொறி பொய் சொல்லாது’ என்பது நம்மில் பலரும் கொண்டிருக்கும் நம்பிக்கை. சென்ற ஆவணி மாதம் வரையில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த மாதத்தில், நானே எழுதிய ஓர் இணையப் பக்கம் எங்கள் தெரு மூதாட்டி ஒருவரைப் பொய்யராக்கிவிட்டது. அதனினும் கொடுமை, அவர் தம் நினைவையே சந்தேகிக்கும்படி செய்துவிட்டது. அந்தப் பிழை எங்கே பிறந்தது என்று தேடிப் போனபோதுதான் ‘நிலை மேலாண்மை’ என்னும் பாடம் எனக்கு விளங்கிற்று. அதனை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இயன்றவரை எளிமையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடையும் கணக்கும்

என் தந்தையார் எங்கள் ஊரில் சிறு பலசரக்குக் கடை ஒன்று நடத்தி வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊரில் பாதிப்பேர் பற்றுக்குத்தான் சாமான் வாங்குவார்கள். அதற்கென நீளமான கணக்கு நோட்டு ஒன்று கல்லாப் பெட்டியின் மேல் எப்போதும் இருக்கும். முதலாண்டு முடிந்த விடுமுறையில், கற்ற கல்வி கடைக்கு உதவட்டுமே என்று கைப்பேசியில் திறக்கத்தக்க பற்றுக் கணக்குப் பக்கம் ஒன்றை எழுதினேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருவோர் போவோரிடமெல்லாம், “பையன் எழுதினது” என்று காட்டினார். பழைய நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் மூன்று பகுதிகள். முதலாவது, எல்லாருடைய பெயரும் அவரவர் பாக்கியும் கொண்ட பட்டியல். இரண்டாவது, ஒரு பெயரைத் தொட்டால் திறக்கும் தனிக் கணக்கு. மூன்றாவது, ஊரிலிருந்து வரவேண்டிய மொத்தத் தொகை.

அந்த ஆச்சிக்கு 640 ரூபாய் பாக்கி இருந்தது. முதியோர் பென்ஷன் வந்த அன்று 400 ரூபாய் கொடுத்தார். அப்பா சரக்கெடுக்கப் போயிருந்தார். பணத்தை வாங்கி அவருடைய தனிக் கணக்கில் பதிந்தவன் நான். சில நாள் கழித்து ஆச்சி கடைக்கு வந்தபோது அப்பா பட்டியலைப் பார்த்துவிட்டு, “ஆச்சி, பாக்கி அறுநூத்தி நாப்பது நிக்குது” என்றார்.

“பென்ஷன் வந்த அன்னிக்கு நானூறு குடுத்தேனே ஐயா?”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஆச்சி காட்டுது.”

ஆச்சி சற்று நேரம் பேசாமல் நின்றாராம். பிறகு, “அப்ப எனக்குத்தான் புத்தி மறந்து போச்சு போல” என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து 200 ரூபாயை வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் நான் வீடு திரும்பியதும் அந்த 200 ரூபாயைப் பதிவதற்காகத் தனிக் கணக்கைத் திறந்தேன். அங்கே நான் முன்பு பதிந்த 400 ரூபாய் வரவு தெளிவாக இருந்தது; பாக்கி 240 என்றும் இருந்தது. பட்டியலோ இன்னும் 640 என்றே சாதித்துக் கொண்டிருந்தது!

நிலை என்றால் என்ன?

இணையத்தின் அடிப்படை வழக்கான எச்.டி.டி.பி. இயல்பிலேயே மறதி உடையது. ஒரு கோரிக்கைக்கு விடை தந்ததும் வழங்கி அதனை மறந்துவிடும். அடுத்த கோரிக்கையைப் புதிதாகவே பார்க்கும். இம்மறதிக்கு மருந்தாக நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி 1994ஆம் ஆண்டில் ‘குக்கி’ என்னும் சிறு நினைவுச் சீட்டைக் கொண்டு வந்தார். அந்நாளில் ஒவ்வொரு சொடுக்குக்கும் வழங்கியிலிருந்து முழுப் பக்கமே புதிதாக வரும். ஆகவே உலாவியில் எதையும் அதிகம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.

2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் வரைபடமும் வந்தன. பக்கம் அப்படியே இருக்க, அதன் உள்ளே மட்டும் செய்திகள் மாறிக்கொண்டே இருக்கும் முறை பரவலாயிற்று. எந்தக் கடிதம் திறந்திருக்கிறது, எது படிக்கப்படவில்லை, தேடல் பெட்டியில் என்ன எழுத்து என்பவற்றையெல்லாம் உலாவியே நினைவில் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு குறித்த கணத்தில் செயலி நினைவில் வைத்திருக்கும் இச்செய்திகளின் தொகுப்பே அதன் ‘நிலை’ எனப்படும். அதனை எங்கே வைப்பது, யார் மாற்றுவது, மாறியதைத் திரைக்கு எப்படித் தெரிவிப்பது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே நிலை மேலாண்மை.

பிழை பிறந்த இடம்

நான் செய்த தவறு யாதெனில், ஆச்சியின் பாக்கி என்னும் ஒரே உண்மையை மூன்று இடங்களில் தனித்தனியே எழுதி வைத்ததுதான். வரவு பதியும்போது தனிக் கணக்கிலும் மொத்தத்திலும் தொகையைக் குறைக்கக் கட்டளை எழுதியவன், பட்டியலில் குறைக்க மறந்துவிட்டேன். அந்தப் பழைய பட்டியலையே உலாவியின் உள்ளகச் சேமிப்பிலும் எழுதி வைத்ததால், கைப்பேசியை அணைத்துத் திறந்தாலும் பொய் அழியாமல் நின்றது.

இது என் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேர்வதன்று. முகநூல் நிறுவனத்திலேயே இத்தகைய பிழை ஒன்று வெகுநாள் தொல்லை கொடுத்தது. ‘படிக்காத செய்தி ஒன்று உண்டு’ என்று மேலே எண் காட்டும். திறந்து பார்த்தால் புதிதாக எதுவும் இராது. ஒரு முறை திருத்தினால் சில காலம் கழித்து மீண்டும் தலைகாட்டும். எண்ணும் செய்தியும் வெவ்வேறு இடங்களிலிருந்து மாற்றப்பட்டதே காரணம். இதற்குத் தீர்வாக ‘ஃபிளக்ஸ்’ என்னும் முறையை 2014இல் அவர்கள் உலகிற்கு அறிவித்தார்கள். ஆறு ஒரே திசையில் ஓடுவது போலச் செய்தியும் ஒரே திசையில்தான் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பயனர் ஏதேனும் செய்தால் அது ஒரு ‘செயல்’ என அறிவிக்கப்படும். அச்செயல் நிலையை மாற்றும். மாறிய நிலையிலிருந்து திரை வரையப்படும். திரையின் ஒரு பகுதி மற்றொரு பகுதியை நேரே தொட்டு மாற்ற இடமில்லை.

மூன்று விதிகள்

இவ்வெண்ணத்தை மேலும் எளிமையாக்கி டான் அப்ரமோவ், ஆண்ட்ரூ கிளார்க் ஆகிய இருவரும் 2015இல் ‘ரிடக்ஸ்’ என்னும் நிரல் நூலகத்தை உருவாக்கினர். ஃபிளக்ஸ் முறையோடு, இவான் சப்ளிக்கி 2012இல் உருவாக்கிய ‘எல்ம்’ மொழியும் அதற்கு ஊற்றுக்கண்ணாகும். அதன் விதிகள் மூன்று.

ஒன்று: செயலியின் நிலை முழுவதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: அதனை யாரும் நேரே கைவைத்து மாற்றலாகாது. ‘இன்னது நிகழ்ந்தது’ என்று ஒரு செயலை அறிவிக்க மட்டுமே உரிமை உண்டு.

மூன்று: பழைய நிலையையும் செயலையும் பெற்றுக்கொண்டு புதிய நிலையைத் தருவது ஒரு தூய சார்பாக இருக்க வேண்டும். தூய சார்பு என்பது நம் கணித வகுப்பில் பயில்வது போன்றதே. ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விடை தரும். வெளியே எதனையும் மாற்றாது.

‘பழைய நிலையிலேயே எண்ணை மாற்றினால் என்ன? புதிதாக ஏன் செய்ய வேண்டும்?’ என்று நண்பர்கள் கேட்கலாம். 2013இல் வெளிவந்த ‘ரியாக்ட்’ நூலகத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நிலையும் இப்போது தரப்படும் நிலையும் ஒரே பொருள்தானா என்று அது பார்க்கிறது. பழைய பெட்டிக்குள்ளேயே கையை விட்டுப் பொருளை மாற்றி வைத்தால், பெட்டி அதே பெட்டி என்பதால் ஒன்றும் மாறவில்லை என்று எண்ணித் திரையை மீண்டும் வரையாமல் விட்டுவிடும். புதிய பெட்டி தந்தால்தான் மாற்றத்தை உணரும். மேலும், ஒவ்வொரு செயலையும் வரிசையாகக் குறித்துக் காட்டும் கருவியின் துணையால், ‘எந்தச் செயலுக்குப் பின் கணக்குத் தவறியது’ என்று பின்னோக்கி நடந்து சென்று பார்க்கவும் முடிகிறது.

அப்பாவின் நோட்டு

இவற்றைப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் பரணிலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். எனக்கு வியப்பு தாங்கவில்லை. அப்பா அதில் ‘பாக்கி’ என்று தனியாக எதையும் எழுதியதே இல்லை! தேதி, சாமான், பற்று, வரவு என்று வரிகள் மட்டுமே இருந்தன. பாக்கி எவ்வளவு என்று யாரேனும் கேட்டால் அந்த வரிகளைக் கூட்டிக் கழித்துச் சொல்வார். தவறாக எழுதிவிட்டால் பழைய வரியை அழிக்கமாட்டார். கீழே இன்னொரு வரி எழுதி நேர் செய்வார். எட்டாம் வகுப்போடு நின்றவர், உண்மையை ஓரிடத்தில் வைத்திருந்தார். படித்த நான் அதனை மூன்றாக உடைத்தேன்.

கணக்கிட்டுப் பெறத்தக்க ஒன்றைத் தனியே சேமித்து வைக்காதே என்பது நிலை மேலாண்மையின் தலையாய பாடம். வரிகள்தாம் நிலை, பாக்கி அந்நிலையிலிருந்து பெறப்படுவது. இதை உணர்ந்ததும் என் பக்கத்தை அடியோடு மாற்றி எழுதினேன். இப்போது வரிகள் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. பட்டியல், தனிக் கணக்கு, மொத்தம் ஆகிய மூன்றும் திறக்கும்போதே அவ்வரிகளிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அவை ஒன்றுக்கொன்று முரண்பட வழியே இல்லை.

எதை எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஒரு பெட்டியில் பாதி தட்டச்சு செய்த எழுத்து அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. அதனை அங்கேயே வைக்கலாம். இரு பகுதிகளுக்கு ஒரே செய்தி தேவையானால், இரண்டுக்கும் பொதுவான மேற்பகுதியில் வைத்துக் கீழே இருவருக்கும் வழங்கலாம். யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்பதைப் பக்கத்தின் முகவரியிலேயே வைத்தால், மீண்டும் திறக்கும்போது அதே இடத்திற்கு வரலாம். வழங்கியிலிருந்து பெற்ற செய்தியோ வெறும் நகல். மூலம் அங்கே மாறியிருக்கக்கூடும் என்பதை மறவாமல் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

மேலிருந்து கீழே பல படிகள் வழியாகச் செய்தியைக் கைமாற்றுவது சலிப்பூட்டும்போது, ரியாக்டிலேயே உள்ள ‘காண்டெக்ஸ்ட்’ என்னும் வசதி உதவும். அதன் இன்றைய வடிவம் 2018இல் வந்தது. எல்லார்க்கும் ரிடக்ஸ் தேவைப்படாது என்பதை 2016இல் டான் அப்ரமோவ் அவர்களே எழுதியிருக்கிறார். என் கடைப் பக்கத்திற்கும் அது தேவைப்படவில்லை. அதன் எண்ணம் மட்டுமே தேவைப்பட்டது.

ஆச்சி வீட்டில்

பிழையைக் கண்ட மறுநாள் காலை நானும் அப்பாவும் ஆச்சியின் வீட்டிற்குப் போனோம். “ஆச்சி, நீங்க சொன்னதுதான் சரி. நானூறு ரூபா நான்தான் வாங்கினேன். நேத்துக் குடுத்ததும் போக நாப்பது ரூபாதான் பாக்கி. தப்பு என்னோடது” என்றேன். நாற்பது ரூபாயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அப்ப எனக்குப் புத்தி மறக்கலையா ஐயா?” என்றுதான் கேட்டார். இரவெல்லாம் அதே நினைவாகத் தூக்கமில்லாமல் கிடந்தாராம்.

திரும்பி வரும் வழியில் அப்பா, “ஏலே, நீ தப்பா எழுதுனது ஒரு தப்பு. இத்தன வருசம் பழகின ஆச்சிய நம்பாம அத நம்புனது என் தப்பு” என்றார். அன்றே நோட்டு மீண்டும் கல்லாப் பெட்டிக்கு வந்துவிட்டது. புதிய பக்கத்தையும் நோட்டையும் ஒரு மாதம் இரவுதோறும் ஒத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் நோட்டைப் பரணில் போட அப்பா சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். ‘படித்த பிள்ளை எழுதியது’ என்பதற்காகவே ஊரார் நம் எழுத்தை நம்புவார்கள். தங்கள் நினைவைவிட மேலாகவும் நம்புவார்கள். ஆகவே, ஓர் உண்மையை ஓரிடத்தில் வைப்போம். அதனை மாற்றும் வழியையும் ஒன்றாக வைப்போம். நாம் எழுதும் நிரல் தவறினால், அதன் எதிரே முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு யாரோ ஓர் ஆச்சி நிற்பார் என்பதை மறவாதிருப்போம்.