அத்திவாரம் வெட்டுவதற்கு முன்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்சரிவில் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே, பழைய இடத்திலேயே மீண்டும் வீடு கட்டுவதானாலும் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.

1. காணி: தோட்டக் காணியாயின் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் போதாது.

2. மண்சரிவு அறிக்கை: பதுளை மாவட்டத்தில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை தேவை. அதற்கு முன் சரிவை வெட்டிச் சமப்படுத்த வேண்டாம். அதுவே ஆபத்தைக் கூட்டும்.

3. கட்டட அனுமதி: காணிப் பத்திரம், வீட்டு வரைபடம், மேற்படி அறிக்கை ஆகியவற்றுடன் பிரதேச சபையில் விண்ணப்பியுங்கள். நகர எல்லைக்குள் எனில் மாநகர சபையை அல்லது நகர சபையை நாடுங்கள். தமிழிலேயே விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை வழங்கலாம்.

4. வேலை முடிந்ததும், அனுமதித்தபடியே கட்டியதற்கான சான்றிதழைச் சபையிடம் பெறுங்கள்.

காணி பொருத்தமற்றது என்று அறிக்கை கூறினால் அங்கே கட்டாதீர்கள். அறிக்கையின் பிரதியுடன் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் அணுகி, மாற்றுக் காணி கோரி எழுத்தில் விண்ணப்பியுங்கள். எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.